ஆறுச்சாமிக்கு அடிக்காத மணி

அந்தக் குளியலகத்தை இழுத்து மூட வைக்காமல் ஓய்வதில்லை என்று ஆறுச்சாமி சபதம் செய்தபோது, அவர் இடுப்பில் ஒரு துண்டும் கையில் ஓர் எண்ணெய்க் கிண்ணமும் மட்டும்தான் இருந்தன. சபதம் செய்வதற்கு இது ஏற்ற உடுப்பு இல்லைதான். ஆனால் சனிக்கிழமை காலையில் ஒரு மனுசனை எண்ணெய்க் கிண்ணத்தோடு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவன் மனைவி வேறெங்கோ குளிக்கப் போய்விட்டால், அவன் கோட்டு மாட்டிக்கொண்டா கோபப்படுவான்?

"பூவாத்தா" என்று ஒரு சத்தம் போட்டார். அடுத்த வீட்டு நாய் மட்டும் எழுந்து, நம்மைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று கேட்டருகே வந்து எட்டிப் பார்த்தது.

ஆறுச்சாமியின் சத்தத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சோமனூரில் அவருக்குத் தறிக்குடோன் இருக்கிறது. பிறந்ததே தறிச் சத்தத்தில்தான். அங்கே பக்கத்தில் நிற்கிறவனிடம் நூல் கேட்பதென்றாலும் அடுத்த ஊருக்குச் சொல்கிற மாதிரி கத்த வேண்டும். சிங்காநல்லூரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் தொண்டை மட்டும் சோமனூரிலேயே தங்கிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும். சாதாரணமாகப் பேசினால் போகிற ஆட்டோ நின்று, "எங்கீங்க போவோணும்?" என்று கேட்கும். காது மட்டும் துல்லியம். சமையலறையில் ஒரு தக்காளி உருண்டு விழுந்தால் வாசலில் இருந்தே, "கிலோ என்ன விலைன்னு தெரியுமா?" என்பார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து சனிக்கிழமை என்றால் அவருக்கு எண்ணெய்க் குளியல். பூவாத்தாள் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுவாள். உச்சந்தலையில் வைத்து அரக்கித் தேய்ப்பாள். தண்ணீர் சுடவைப்பாள். அரப்புப் போட்டுத் தலையை அலசி, முதுகு தேய்த்து, துண்டை எடுத்துக் கொடுத்து, கொள்ளு ரசம் வைத்துச் சோறு போடுவாள். இதில் ஆறுச்சாமியின் வேலை தலையைக் கொடுப்பது. அந்த வேலையில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது பெற்ற மகள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த ரித்திகா, அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவினாசி ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த 'நிசப்தம்' குளியலகத்தில் குடும்ப உறுப்பினர் அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டாள். புடவை வாங்கியிருக்கலாம். மிக்சி வாங்கியிருக்கலாம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் வாங்கினார்கள். இவள் தாயாருக்குக் குளியல் வாங்கினாள். அதுவும் சனிக்கிழமைக் காலைக் குளியல்.

பூவாத்தாள் வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்பினாள். முகம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஆறுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊட்டுல தண்ணி வரலியா? பாயிலர் ஓடலியா? காசு குடுத்துக் குளிக்கறதுக்கு நாம என்ன ஊடு வாசல் இல்லாதவங்களா?"

"சரிங்க."

"என்ன சரிங்க? மூணு வாரமா என்ற தலை காஞ்சு கெடக்குது. கண்ணு எரியுது. ஒடம்பெல்லாம் சூடு. தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா போனே?"

"ஆமாங்க."

"அப்ப வார சனிக்கிழமை?"

"போவனுங்க. சோறு போடட்டுங்களா?"

இதுதான் அவரால் தாங்க முடியாதது. பூவாத்தாள் முன்பெல்லாம் இப்படி இல்லை. அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அவள் நிறுத்தினால் பாத்திரங்கள் பேசும். சண்டை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு தனி ருசியாக இருக்கும். அந்தக் குளியலகத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் 'சரிங்க'தான். எதிரில் ஆளே இல்லாமல் எப்படிக் கபடி ஆடுவது? எண்ணெயும் போச்சு, சண்டையும் போச்சு. ஒரு மனுசனுக்கு வீட்டில் வேறு என்னதான் இருக்கிறது?

மறுநாள் காலை காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று, அடுத்த வீட்டு வேங்கடசாமியைக் கூப்பிட்டார். வேங்கடசாமி பம்புசெட்டுக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். அவர் மனைவி ராமாமணியும் அதே குளியலகத்துக்குத்தான் போகிறாள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த நேரத்தில் ஒரு தூக்கம் போட்டுக்கொள்வார். ரோசம் கெட்ட மனுசன் என்று ஆறுச்சாமி அவரைப் பற்றி முடிவுகட்டி வைத்திருந்தார்.

"ஏனுங்க, அங்க உள்ள அப்படி என்னதான் பண்றாங்க?"

"பேசக்கூடாதுங்ணா. அதுதான் முக்கியம். போன வாங்கித் துணிப்பையில போட்டுக் கட்டிருவாங்க. கால் கழுவி உடுவாங்க. சுடுதண்ணித் தொட்டி, பச்சத்தண்ணித் தொட்டி, ஆவி ரூம்பு. அப்பறம் சும்மா உக்காந்துக்கறது."

"சும்மா உக்கார்றதுக்குமா காசு?"

"அதுக்குத்தானுங்ணா அதிகம். எவனாச்சும் கத்துனா மணி அடிச்சு எச்சரிக்கை பண்ணுவாங்க. மறுக்காவும் கத்துனா அந்தக் குடும்பத்து அட்டையவே ரத்து பண்ணிப்போடுவாங்களாம்."

ஆறுச்சாமிக்கு அந்த நிமிசமே உடம்புச் சூடு பாதி இறங்கியது. கத்தினால் அட்டை போய்விடும். இதற்காகவா ராத்திரி முழுக்க மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டோம்? மற்றவன் பயப்படுகிற விதி அவருக்கு வரமாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார். அதாவது, தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டார்.

"அப்ப நான் போயி ரெண்டு சத்தம் போட்டு வந்தா?"

"அட்டை போயிருமுங்ணா."

"அட்டை போனா சனிக்கிழம அவ எங்க போவா?"

"ஊட்டுலதான் இருப்பாங்க."

"நான் தலையக் குடுத்தா?"

வேங்கடசாமி, ஆறுச்சாமி வீட்டுச் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுபோய்ச் சற்று நேரம் ஆகியிருந்தது.

"இது நமக்குள்ளயே இருக்கோணும்" என்றார் ஆறுச்சாமி. தெருமுனையில் கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். "ஏனம்மணி, நானும் ஒருக்கா அங்க வாரேன். அப்படி என்னதான் இருக்குதுன்னு பாத்துப்போடறேன்."

"வாங்க" என்றாள் பூவாத்தாள்.

ஏன், எதற்கு, என்ன திடீரென்று, ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். ஆறுச்சாமி கோபத்தில் இருந்தார். கோபத்தில் இருக்கிறவனுக்குச் சந்தேகப்பட எங்கே நேரம்?

சனிக்கிழமை இருவரும் போய் இறங்கினார்கள். வாசலிலேயே வெட்டிவேர் வாசனை. உள்ளே மங்கலான வெளிச்சம். எங்கோ கல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்டு பில்லுக்குப் பயந்து லைட்டை அணைத்துவிட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள் என்று ஆறுச்சாமி கணக்குப் போட்டார். வரவேற்பில் இருந்த ஹாரிகா என்ற பெண் மூச்சுவிடுகிற மாதிரிப் பேசினாள்.

"வாங்க ஐயா. போனை இந்தப் பையில போட்டுருங்க."

அவர் போனைக் கொடுக்க மனமில்லாமல் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், பூவாத்தாள் ஹாரிகாவின் பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஹாரிகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் அப்படியொரு கனிவு. தண்ணீரைக் கொஞ்சம் சூடாக வைக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று ஆறுச்சாமி நினைத்துக்கொண்டார். ஒரு நொடி மனசு இளகியது. பிறகு காரியத்தை நினைத்துக் கோபத்தை மறுபடியும் வரவழைத்துக்கொண்டார்.

ஆண்கள் பக்கம் தனி. ஒரு பணியாளர் மண்டியிட்டு அவர் காலைக் கழுவினார். கூச்சத்தில் சிரிப்பு வந்தது. கத்த வந்த இடத்தில் சிரிக்க வைக்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பருத்தி அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். நாடாவைப் பின்னால் கட்டுவதா முன்னால் கட்டுவதா என்று யாரிடமும் கேட்கவும் முடியாது.

சுடுதண்ணித் தொட்டியில் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிக் கிடந்தார்கள். வெளியே இவர்களில் பாதிப் பேர் சிக்னலில் ஹாரன் அடித்தே அடுத்தவனைக் கொல்கிறவர்கள். இங்கே வந்து சாமியார் மாதிரிக் கிடக்கிறார்கள். ஆறுச்சாமி கழுத்து வரைக்கும் இறங்கினார். முழங்கால் வலி மெதுவாகக் கழன்றுபோகிற மாதிரி இருந்தது. அது வேறு எரிச்சல். எதிரியின் வீட்டுச் சாப்பாடு ருசியாக இருக்கலாமா?

நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார்.

"ஏப்பா, இதென்ன தண்ணி? எங்கூர்ல மாடு கழுவறதுக்கே இதவிடச் சூடா வெப்பாங்க."

கூரை அதிர்ந்தது. மணி கண்ணெதிரில்தான் தொங்கியது. பெரிய வெண்கல மணி. பக்கத்தில் கட்டையோடு ஒரு ஆள். அந்த ஆள் அசையவில்லை. பணியாளர் ஓடிவந்து கைகூப்பினார். சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, போதுமா என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

சரி, முதல் தடவை மன்னித்திருப்பார்கள். ஆவி ரூம்புக்குள் போய் உட்கார்ந்து, "மூச்சு முட்டுதுடா சாமி, எவனாச்சும் கதவத் தொறங்க" என்று இன்னும் பலமாகப் போட்டார். ஒரு பெரியவர் எழுந்து கதவைத் திறந்து, கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, நெஞ்சைத் தடவிக் கொடுத்தார். வாயை அகல அகலத் திறந்து, சத்தமே இல்லாமல், "இப்ப... நல்லா... இருக்குதுங்களா?" என்று கேட்டார். பின்னால் இன்னொருவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் உதட்டைப் பிதுக்கினார். ஆறுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பச்சத்தண்ணித் தொட்டியில் அவர் போட்ட சத்தம் திட்டத்தில் இல்லாதது. கால் வைத்ததும் தானாக வந்தது. நியாயப்படி அதற்கே ரெண்டு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஊரில் ஒரு மனுசன் கத்தினால் அதற்கொரு மரியாதை இல்லையா என்று அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

கடைசியில் கால் தொட்டி. நீளமான கல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். குடும்பத்தோடு வந்தவர்கள் இங்கேதான் சேர்ந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள், நடுவில் எல்லோருடைய காலும். பூவாத்தாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ராமாமணி. ஆறுச்சாமி உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"இது குளிக்கற எடமில்லீங்க. நல்லா இருந்த குடும்பத்தக் கெடுக்கற எடம். எத்தன தடவதான் கத்தறது நானு? மணிய அடிங்க. என்ற அட்டைய ரத்து பண்ணுங்க."

முப்பது முகங்கள் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தன. ஹாரிகா விறுவிறுவென்று வந்தாள். அவர் காதருகே எட்டி, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பரவால்லீங்க ஐயா. அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. உங்களுக்குக் காது சுத்தமாக் கேக்காதுன்னு. நீங்க எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசிக்கலாமுங்க."

டங் என்று மணி அடித்தது. ஹாரிகாவுக்கு.

ஆறுச்சாமி காதைப் பிடித்துக்கொண்டார். "எனக்கா கேக்காது? எனக்கு நல்லாக் கேக்குமுங்க" என்று அலறினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, பாவம்" என்று ஒரு பெண் தன் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். அதுவும் அவருக்குக் கேட்டது.

அப்படியே உட்கார்ந்தார். கால் தண்ணீரில் இறங்கியது. எதிரில் பூவாத்தாள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். அவள் உதடு அசைய ஆரம்பித்தது. சத்தம் இல்லை. கையும் சேர்ந்து பேசியது.

தறிக்குடோன்காரர்களுக்கு இது புதிதல்ல. தறி ஓடுகிறபோது காது உதவாது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வார்கள். பூவாத்தாளும் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள்தான். கல்யாணமான புதிதில் இருவரும் எதிரெதிர்த் தறியில் நின்று அப்படித்தான் கொஞ்சினார்கள், அப்படித்தான் சண்டையும் போட்டார்கள். அவள் சொன்ன ஒரு சொல்கூட ஆறுச்சாமிக்குத் தப்பவில்லை.

"செவுத்தோரம் நின்னு நீங்க சொன்ன ரகசியம் எனக்கு மட்டுமில்லீங்க, கீரைக்காரம்மாவுக்கே கேட்டுது."

ஆறுச்சாமியின் உதடும் தானாக அசைந்தது. "அதுக்காக என்னையச் செவுடுன்னு சொல்லுவியா நீ?"

"பொய்யா சொன்னேன்? இத்தன வருசத்துல நான் சொன்னது ஒண்ணாச்சும் உங்க காதுல ஏறியிருக்குதா?"

"என்ன சொன்னே நீ?"

"தோள்பட்ட வலிக்குது, கை தூக்க முடியலைன்னு சொன்னேன். கேட்டுதா? ஒரு சனிக்கிழம நீங்களே குளிச்சுக்குங்கன்னு சொன்னேன். கேட்டுதா? உங்க தலைக்கு வாரந்தவறாம எண்ண தேச்சனே, என்ற தலைக்கு யாரு தேச்சு உட்டாங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? இங்க வந்துதானுங்க இன்னொருத்தி கை என்ற தலைமேல பட்டுது. நான் அழுதுபோட்டேன். அந்த ஒரு நாளைக்கும் மணி அடிக்கறதுக்கா ஒடியாந்தீங்க?"

ஆறுச்சாமி தண்ணீருக்குள் தன் காலைப் பார்த்தார். கோபம் அப்படியே இருந்தது. அதை எடுத்து யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அதை ஒப்புக்கொள்கிற அளவுக்கு அவர் இன்னும் குளித்திருக்கவில்லை.

எதிரே ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராமாமணியிடம் முணுமுணுத்தாள். "கேக்காத புருசன்கிட்ட எவ்வளவு பொறுமையாப் பேசறாங்க பாருங்க."

ராமாமணிக்கு அது போதும். மறுநாள் விடிவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பால்காரர் இரண்டு விரலைக் காட்டி, ரெண்டு பாக்கெட்டா என்று சைகையில் கேட்டார். நூல் வியாபாரி போனில், "அண்ணிகிட்டக் குடுங்க" என்றார். பெங்களூரிலிருந்து ரித்திகா, நல்ல காது டாக்டர் ஒருவரைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொருவரிடமும் ஆறுச்சாமி தனக்குக் காது கேட்கும் என்று கத்தினார். கத்தக் கத்த அவர்கள் இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

வேங்கடசாமிதான் சுவர் ஓரமாக வந்து வழி சொன்னார். "கத்தாதீங்ணா. காது கேக்காதவங்கதான் கத்துவாங்க. மெதுவாப் பேசிப் பாருங்க. தானா நம்புவாங்க."

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க ஆறுச்சாமி மெதுவாகப் பேசினார். தொண்டையைக் கயிறு போட்டுப் பிடித்திழுக்கிற மாதிரி இருந்தது. பால்காரரிடம் மெதுவாக. கீரைக்காரம்மாவிடம் மெதுவாக. கோபம் வந்தால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய், கொய்யா மரத்தைப் பார்த்து நின்றுவிட்டு வந்து மெதுவாக. தெரு நம்பியது. ஆனால் அது நம்பிய விதம் வேறு. ஒரு தடவை குளித்ததற்கே ஆறுச்சாமியண்ணனுக்குக் காது திரும்பி வந்துவிட்டதாம் என்று பேச்சாகிவிட்டது. அவர் இழுத்து மூடப் போன இடத்தில் அந்தத் தெருவிலிருந்தே பல குடும்பங்கள் புதிதாக அட்டை வாங்கின.

சனிக்கிழமை வந்தது. பூவாத்தாள் குளியலகத்துக்குப் போகப் பையை எடுத்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி துண்டைக் கட்டிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவர் பேசியதே இல்லை.

"ஏனம்மணி, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இந்தத் தலைக்குக் கொஞ்சம் எண்ண தேச்சு உட்டுப்போட்டுப் போறியா?"

பூவாத்தாள் திரும்பினாள். குளியலகத்தில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்களே, அதே கனிவான சிரிப்பு. தன் காதைத் தொட்டுக் காட்டி, கேக்கலைங்க என்று கையை ஆட்டினாள். அவரையும் கிண்ணத்தையும் அவர் தலையையும் வரிசையாகச் சுட்டிக் காட்டினாள். கேட்டைச் சாத்துகிறபோது அவள் உதடு மட்டும் அசைந்தது.

"காதுக்குள்ளயும் ரெண்டு சொட்டு உட்டுக்குங்க."